நேரத்தை நீயே கொடு: கோட் எழுதும் தங்கச்சிக்கு அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, பகல் முழுக்கப் பச்சையாக ஓடிய டெஸ்ட் நடுச்சாமம் தாண்டியதும் சிவப்பாகிறதென்றால், பிழை பெரும்பாலும் உன் கணக்கில் இல்லை. நேரத்தைக் கேட்ட இடத்தில் இருக்கிறது. இலங்கை நேரம் யூ.டி.சி.யை விட ஐந்தரை மணித்தியாலம் முந்தி ஓடுகிறது. பூவரசங்குளத்தில் செவ்வாய்க்கிழமை பிறந்து அதிகாலை 5.30 ஆகும் வரைக்கும் யூ.டி.சி. கணக்கில் இன்னும் திங்கட்கிழமைதான். உன் மடிக்கணினி இலங்கை நேரத்தில் ஓடும். டெஸ்ட் ஓடுகிற சேர்வர் பெரும்பாலும் யூ.டி.சி.யில் ஓடும். ‘இன்றைய திகதி என்ன’ என்று இரண்டையும் கேட்டால், ஒவ்வொரு நாளும் முதல் ஐந்தரை மணித்தியாலம் இரண்டும் வேறு வேறு விடை சொல்லும். பகலில் கந்தோரில் இருந்து வேலை செய்கிறவர்களுக்கு இது கண்ணில் படாது. பம்பைமடு வளாகத்தில் விரிவுரை முடித்து, வீட்டு அலுவல் பார்த்து, எல்லோரும் படுத்த பிறகு கணினியைத் திறக்கிற பிள்ளைகளுக்குத்தான் முதலில் படும்.

இதற்கு மருந்து டெஸ்ட்டைத் திரும்ப ஓட்டுவது இல்லை. உன் ஃபங்ஷன் தானாக மணி பார்ப்பதை நிறுத்துவதுதான்.

கேட்க விடாதே, கொடு

கூட்டுறவுச் சங்கக் கடன் ஒன்றை எடுத்துக்கொள். தவணைத் திகதி கடந்தால் தண்ட வட்டி. பலர் எழுதுகிற விதம் இப்படி இருக்கும்: கடன் விபரம் மட்டும் ஃபங்ஷனுக்குள் போகும்; அது தானே ‘டேட்டைம் நவ்’ என்று கணினியைக் கேட்டு, தவணைத் திகதியோடு ஒப்பிட்டு, பிந்திவிட்டதா இல்லையா என்று சொல்லும். பார்க்கச் சுருக்கமாக இருக்கும். ஆனால் இதற்கு டெஸ்ட் எழுத உட்கார்ந்தால் கை நிற்கும். தவணைத் திகதியைத் தூர வருடம் ஒன்றில் வைத்தால், அந்த வருடம் பிறந்து அந்தத் திகதி கடந்த அன்று டெஸ்ட் உடையும். ‘இப்போதிலிருந்து ஒரு நாள் கழித்து’ என்று வைத்தால், நீ உண்மையில் சோதிக்க வேண்டிய தருணம், அதாவது தவணை நாள் முடிந்து அடுத்த நாள் தொடங்குகிற அந்த ஒரு நொடி, ஒருக்காலும் டெஸ்ட்டில் வராது.

கடன், இப்போதைய நேரம் என்று இரண்டையும் உள்ளே வாங்கு. அவ்வளவுதான் மாற்றம். இனி டெஸ்ட்டில் தவணை நாள் இரவு 11.59ஐக் கொடுக்கலாம், அடுத்த நாள் பூச்சியம் மணியைக் கொடுக்கலாம், பெப்ரவரி 29ஐக் கொடுக்கலாம். நூறு வருடம் கழித்து ஓடினாலும் விடை மாறாது. பழைய மாதத்துக்கான வட்டியை இன்று திரும்பக் கணக்குப் பார்க்க வேண்டி வந்தாலும் அதே ஃபங்ஷன் உதவும், ஏனென்றால் ‘இப்போது’ என்ற இடத்தில் எந்த நாளையும் வைக்கலாம். கணக்காய்வாளர் வந்து ‘மார்ச் மாதம் 31இல் இந்தக் கடன் எந்த நிலையில் இருந்தது’ என்று கேட்கும் நாளில் இதன் அருமை தெரியும்.

எல்லா இடத்துக்கும் நேரத்தைக் கையில் கொடுத்தபடி போக முடியாது என்பதும் உண்மை. பத்துப் படி ஆழத்தில் இருக்கிற வகுப்பு ஒன்றுக்கு நேரம் தேவைப்பட்டால், நேரத்துக்குப் பதிலாக ஒரு கடிகாரத்தைக் கொடு. வயலுக்குத் தண்ணீர் துருசால் மட்டும் போவதுபோல, நேரமும் மென்பொருளுக்குள் ஒரே வாசலால் வரவேண்டும். அணைக்கட்டில் கண்ட கண்ட இடத்தில் கசிந்தால் யார் எவ்வளவு எடுத்தார் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. ஜாவாவில் 2014இல் வந்த எட்டாம் பதிப்பிலிருந்தே இதற்கென்று ‘கிளாக்’ என்ற வகுப்பு இருக்கிறது. ‘கிளாக் ஃபிக்ஸ்ட்’ என்று அழைத்தால் ஒரே நேரத்தில் நிற்கிற கடிகாரம் கிடைக்கும். மைக்ரோசொஃப்ட் 2023இல் டாட்நெட் 8இல் ‘டைம் புரொவைடர்’ கொடுத்தது. கோ மொழியில் 2025இல் வந்த 1.25ஆம் பதிப்பில் ‘சின்க்டெஸ்ட்’ நிலையான இடம் பிடித்தது. அதற்குள் ஓடுகிற டெஸ்ட்டுக்கு எப்போதும் 2000 ஜனவரி 1ஆம் திகதி நள்ளிரவில்தான் நேரம் தொடங்கும், உள்ளே ஓடுகிற எல்லா வேலையும் காத்திருக்கும் நிலை வந்தால் கடிகாரம் தானாக முன்னுக்குத் தாவும். மொழிகளைச் செய்கிறவர்களே இத்தனை வருடம் கழித்து இதைத் தங்கள் கையால் சேர்த்திருக்கிறார்கள் என்றால், இது வெறும் ஒழுங்குப் பழக்கம் மட்டும் இல்லை என்று விளங்கும்.

பைதனில் அப்படி ஆயத்தமாக ஒன்றும் இல்லை. கவலைப்படாதே. உண்மையான நேரத்தைச் சொல்கிற சின்ன வகுப்பு ஒன்று, நீ வைத்த நேரத்தைச் சொல்கிற இன்னொன்று, ஆக இருபது வரிக்குள் முடியும். ஒன்றை மட்டும் கவனி: ‘யூ.டி.சி.நவ்’ என்ற பழைய ஃபங்ஷனைத் தொடாதே. அது எந்த வலயம் என்ற குறிப்பில்லாத வெறும் நேரத்தைத் தரும். பிறகு வேறு யாரோ அதை இலங்கை நேரம் என்று நினைத்துக் கூட்டிக் கழிப்பார்கள். 2023இல் வந்த 3.12ஆம் பதிப்பிலிருந்து பைதனே அதைக் கைவிடச் சொல்கிறது.

நேரத்தை ஒரு வேலைக்கு ஒரு முறைதான் வாசிக்க வேண்டும். ரசீது எழுதும்போது திகதிக்கு ஒரு முறை, மணிக்கு ஒரு முறை என்று இரண்டு தரம் கேட்டால், நள்ளிரவுக்குக் கண்ணிமைக்கும் நேரம் முந்தி முதல் கேள்வியும் பிந்தி இரண்டாவது கேள்வியும் விழலாம். பிறகு ரசீதில் நேற்றைய திகதியும் 00.00 மணியும் இருக்கும். இருபத்துநான்கு மணித்தியாலப் பிழை. வேலை தொடங்கும்போது ஒருக்கா வாசித்து அதையே கடைசிவரை கொண்டுபோ.

உறைய வைக்கிற கருவிகள்

ஏற்கெனவே யாரோ எழுதிவிட்டுப் போன பழைய கோட் கையில் வந்தால், எல்லாவற்றையும் உடனே மாற்ற முடியாது. அங்கே ஃப்ரீஸ்கன், டைம்மெஷின் (பைதன்), டைம்கொப் (ரூபி), ஜெஸ்ட்டின் போலி டைமர், லாராவெலில் கார்பனின் ‘செட் டெஸ்ட் நவ்’ போன்றவை கைகொடுக்கும். பயன்படுத்து, ஆனால் நம்பி முழுப் பாரத்தையும் அதன்மேல் வைக்காதே. நேரத்தை உறைய வைத்தால் காலக்கெடுவும் சேர்ந்து உறையலாம். ஜெஸ்ட்டில் போலி டைமர் போட்டுவிட்டு அதை நீயே தள்ளாவிட்டால் ‘ஐந்து செக்கன் கழித்து’ என்று வைத்த வேலை நடக்கவே நடக்காது. உறைய வைத்ததை டெஸ்ட் முடிவில் விடுவிக்க மறந்தால் அடுத்த டெஸ்ட்டும் பழைய வருடத்தில் ஓடும். வெளியே உள்ள சேவையோடு கதைக்கிற டெஸ்ட்டில் உறைந்த நேரம் எடுபடாது: அமேசான் எஸ்3 தன் நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்கு மேல் விலகி வந்த வேண்டுகோளை ஏற்காது.

தரவுத்தளத்துக்கும் உன் உறைந்த நேரம் தெரியாது, அதற்குச் சொந்தக் கடிகாரம் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ்ஸில் ‘நவ்’ என்பது அந்தக் கணத்தின் நேரம் இல்லை, டிரான்சாக்ஷன் தொடங்கிய நேரம். டெஸ்ட் முழுவதும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் ஓடினால், அடுத்தடுத்துச் சேர்த்த பத்து வரிகளுக்கும் ஒரே நேரம் விழும். ‘கடைசியாகச் சேர்த்தது முதலில்’ என்று அடுக்கும் டெஸ்ட் சிலவேளை சரி, சிலவேளை பிழை என்று ஆடும். நேரத்தைத் தரவுத்தளம் போடட்டும் என்று விடாமல் உன் கடிகாரத்திலிருந்து நீயே எழுது.

டெஸ்ட்டுக்குள் ‘ஸ்லீப்’ போட்டுக் காத்திருப்பதை அடியோடு விடு. அது டெஸ்ட்டை மந்தமாக்கும், சேர்வர் களைத்த நாளில் உடைக்கவும் செய்யும்.

எங்கள் நாட்டு நேரமே மிகச் சிறந்த டெஸ்ட்

வெளிநாட்டுப் புத்தகங்கள் நேரச் சோதனைக்கு லண்டனையும் நியூயோர்க்கையும் காட்டும், அங்கே கோடை நேரம் மாறுவதால். எங்கள் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு ‘இலங்கையில் நேரம் மாறாது, எங்களுக்கு இது தேவையில்லை’ என்று நினைக்கிறார்கள். அது சரியில்லை.

1996இல் மழை பொய்த்து, நீர்மின்சாரத்தை நம்பியிருந்த நாடு மின்வெட்டில் தவித்தது. மாலை வெளிச்சத்தைக் கூடப் பயன்படுத்தலாம் என்று அரசாங்கம் மே 25 பிறந்த நள்ளிரவில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது, ஐந்தரை ஆறரையானது. அதே வருடம் ஒக்டோபர் 26 அதிகாலை 12.30க்கு அரை மணித்தியாலம் பின்னுக்கு இழுத்து ஆறு மணித்தியால வித்தியாசத்தில் வைத்தார்கள். அப்படியே பத்து வருடம் கிட்டப் போனது. 2006 சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி, ஏப்ரல் 15 அதிகாலை 12.30க்கு, பழையபடி ஐந்தரைக்கு வந்தோம்.

இதிலிருந்து உனக்கு மூன்று டெஸ்ட் கிடைக்கிறது. 1996 மே 25, 00.20 என்ற நேரம் இலங்கை அரச கடிகாரத்தில் வரவே இல்லை. நள்ளிரவிலிருந்து நேரே 01.00க்குத் தாவியது. உன் புரோகிராம் அந்த நேரத்தை வாங்கினால் என்ன செய்கிறது? அடுத்தது, 1996 ஒக்டோபர் 26, 00.15 இரண்டு தரம் வந்தது. மூன்றாவது, 2006 ஏப்ரல் 15, 00.15உம் இரண்டு தரம் வந்தது: முதலாவது யூ.டி.சி.யில் ஏப்ரல் 14 மாலை 6.15, இரண்டாவது 6.45. பைதனில் இந்த இரண்டையும் பிரிக்க ‘ஃபோல்ட்’ என்ற அடையாளம் 3.6ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. ‘ஏசியா/கொழும்பு’ என்று வலயத்தைக் கொடுத்து, ஃபோல்ட்டைப் பூச்சியம், ஒன்று என்று மாற்றிப் பார். 2006 நேரத்துக்கு முதலில் ஆறு மணித்தியாலம், பிறகு ஐந்தரை என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் உன் கணினியில் வலயத் தரவு இல்லை அல்லது யாரோ ‘ஐந்தரையைக் கூட்டு’ என்று கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படிக் கையால் எழுதிய ஐந்தரையை எங்கே கண்டாலும் எடுத்துவிடு. விண்டோஸில் பைதன் பாவிக்கிறாய் என்றால் ‘டிஇசட்டேட்டா’ பொதியைத் தனியாகப் போட வேண்டியிருக்கும்.

இனி வன்னிக்காரராகிய எங்களுக்கு மட்டும் உரிய சிக்கலுக்கு வருகிறேன். அந்தப் பத்து வருடமும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் அரசின் நேர மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே பழைய ஐந்தரையே ஓடியது. 2002இல் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகு ஏ9 வீதி திறந்து சனம் போய்வரத் தொடங்கியபோது, ஓமந்தை தாண்டி வடக்கே போனால் கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் பின்னுக்கு வைக்க வேண்டும். வவுனியா நகரில் பத்து மணி, கிளிநொச்சியில் ஒன்பதரை. ஒரே நாட்டுக்குள், ஒரே வீதியில், இரண்டு நேரம். நேரம் சொல்லும்போது பழைய நேரமா, புது நேரமா என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்த காலம் அது.

உலகம் முழுக்கக் கணினிகளும் கைப்பேசிகளும் பாவிக்கிற நேரவலயத் தரவுத்தளத்தில் இலங்கைக்கு ‘ஏசியா/கொழும்பு’ என்ற ஒரு பெயர்தான் உண்டு. புலிகள் மாற்றத்தை ஏற்கவில்லை என்ற செய்தி அந்தக் கோப்பின் குறிப்பு வரிகளில் மேற்கோளாக இருக்கிறது. ஆனால் குறிப்பு வரியைக் கணினி வாசிக்காது. 2003இல் கிளிநொச்சிச் சுவர்க்கடிகாரம் காலை 7.40 காட்டியதை நீ ‘ஏசியா/கொழும்பு’ என்று பதிந்தால், கணினி ஆறு மணித்தியாலத்தைக் கழித்து 01.40 என்று யூ.டி.சி.யில் வைக்கும். உண்மையில் அது 02.10. இப்படி அரை மணித்தியாலம் எல்லா வரியிலும் சத்தமில்லாமல் கரையும்.

இது வெறும் பழங்கதை இல்லை. அந்தக் காலத்தில் பிறந்த பிள்ளைகள் இப்போது கல்யாண வயதில் இருக்கிறார்கள். சாதக மென்பொருளில் பிறந்த நேரத்தையும் இடத்தையும் கொடுத்தால், அது கொழும்பு நேரத்தை எடுத்துக் கணிக்கும். லக்கினம் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாறுவது. அரை மணித்தியாலம் பிசகினால் நாலில் ஒருவருக்கு லக்கினமே மாறிப்போகலாம். சாதகத்தை நம்புவதும் விடுவதும் அவரவர் விருப்பம். ஆனால் நம்பி வருகிற ஒரு தாய்க்குப் பிழையான கணக்கைக் கொடுக்க எங்களுக்கு உரிமை இல்லை. காணாமல் போனவர்கள் பற்றிய வாக்குமூலங்கள், காயப்பட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுவந்த நேரங்கள் என்று அந்தக் காலப் பதிவுகளைக் கணினிக்கு ஏற்றுகிற வேலை உன் கைக்கு வந்தால், அரை மணித்தியாலம் இன்னும் பாரமானது.

ஆகவே அந்தக் காலத்து வன்னிப் பதிவு எதுவானாலும் மூன்று நிரல் வை. எழுதியிருந்த நேரம் அப்படியே ஒன்றில். எந்தக் கடிகாரம் என்பது இன்னொன்றில்: பழையது, புதியது, தெரியாது. கணித்தெடுத்த யூ.டி.சி. மூன்றாவதில், அதுவும் கடிகாரம் தெரிந்தால் மட்டும். பழைய நேரம் என்று உறுதியானால் ‘ஏசியா/கொல்கத்தா’ வலயத்தைக் கொண்டு கணி. அந்தக் காலம் முழுக்க இந்தியா ஐந்தரையில்தான் இருந்தது. தெரியாததை ஊகித்து நிரப்பாதே. எழுதியவரோ அவரின் வீட்டுக்காரரோ இருந்தால் போய்க் கேள். இன்றைக்குக் கேட்கக்கூடிய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

2006 இன்னொரு பாடமும் தருகிறது. அந்த வருடம் மார்ச் மாதத்தில் ஒருவர் ‘ஜூன் மாதம் காலை 10 மணிக்குக் கூட்டம்’ என்று பதிந்திருந்தால், ஆறைக் கழித்து 04.00 யூ.டி.சி. என்று சேமித்திருக்கும். ஏப்ரலில் நேரம் மாறிய பிறகு அதே பதிவு 9.30 என்று காட்டும். கூட்டம் என்னவோ பத்துக்குத்தான். நடந்து முடிந்ததை யூ.டி.சி.யில் வை, மனிதர் இனிமேல் கூட இருக்கிற நேரத்தை உள்ளூர் நேரமும் வலயப் பெயருமாக வை.

எவ்வளவு நேரம் எடுத்தது என்பது வேறு கேள்வி

இப்போது மணி என்ன என்பதற்கு ஒரு கடிகாரம். எவ்வளவு நேரம் ஓடியது என்பதற்கு வேறு கடிகாரம். முதலாவது முன்னுக்கும் போகும் பின்னுக்கும் போகும், இணையம் கிடைத்ததும் தன்னைத் திருத்திக்கொள்ளும். இரண்டாவது முன்னுக்கு மட்டும் போகும்: பைதனில் ‘டைம் மொனொடொனிக்’, ஜாவாவில் ‘நானோடைம்’, உலாவியில் ‘பெர்ஃபோர்மன்ஸ் நவ்’. 2017 ஜனவரி 1இல் உலகக் கடிகாரத்துக்கு ஒரு லீப் செக்கன் கூட்டியபோது, கிளவுட்ஃபிளேயரின் டி.என்.எஸ். மென்பொருளில் ஓடிய நேரம் எதிர்மறை எண்ணாக வந்தது. அப்படி ஒன்று வரவே வராது என்று நினைத்து எழுதிய கோட் அங்கே விழுந்தது. கோ மொழி அதே வருடம் ஆகஸ்ட்டில் தன் நேரத்துக்குள்ளேயே மொனொடொனிக் அளவையும் சேர்த்துக்கொண்டது.

எங்கள் பக்கம் லீப் செக்கனை விட மின்வெட்டுத்தான் அடிக்கடி வரும். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதே. ராஸ்பெரி பை 4 வரைக்குமான பலகைகளில் மின்சாரம் போனாலும் ஓடுகிற கடிகாரம் கிடையாது. குளத்து நீர்மட்டம் அளக்க அதை வைத்தால், மின்சாரம் திரும்பியதும் கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து தொடங்கி, இணையம் கிடைத்த பிறகுதான் சரியான நேரத்துக்குத் தாவும். இடைப்பட்ட அளவுகள் எல்லாம் பழைய நேரத்தில் பதிவாகும். ஒரு சின்னக் கடிகாரச் சில்லை பற்றரியோடு சேர்த்துப் பொருத்து. நேரம் சரிபார்க்கும் வரை எடுத்த அளவுகளுக்குத் தனி அடையாளம் போடு. டெஸ்ட்டில் உன் போலிக் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு இழுத்து, புரோகிராம் விழாமல் நிற்கிறதா என்று பார்.

லீப் வருடத்தை மறக்காதே. 2012 பெப்ரவரி 29இல் மைக்ரோசொஃப்ட்டின் அஷூர் நின்றது, சான்றிதழ் ஒன்றின் முடிவுத் திகதிக்கு வருடத்தில் ஒன்றைக் கூட்டி 2013 பெப்ரவரி 29 என்று எழுதியதால். ஜனவரி 31உடன் ஒரு மாதம் கூட்டினால் என்ன வருகிறது என்பதையும் கூட்டுறவுச் சங்கக்காரரிடம் கேட்டு முடிவெடுத்து டெஸ்ட்டில் எழுது. அது அவர்களின் விதி, உன் விதி இல்லை. டெஸ்ட் முழுவதையும் யூ.டி.சி.யில் ஒரு தரமும் கொழும்பில் ஒரு தரமும் ஓட்டு. முடிந்தால் ஐந்தே முக்காலில் இருக்கிற காத்மண்டுவிலும் ஒரு தரம்.

இன்றைக்கு உன் ப்ரொஜெக்டைத் திறந்து ‘நவ்’, ‘டுடே’ என்ற இரண்டு சொல்லையும் தேடிப் பார். வருகிற இடங்களை எழுதி வை. காசு, தண்டம், காலாவதி என்று ஆட்களின் கையைக் கடிக்கிற இடங்களை முதலில் மாற்று. பதிவுக் குறிப்பு எழுதுகிற இடங்கள் ஆறுதலாக நடக்கட்டும். எங்கேயாவது சிக்கினால் எனக்கு எழுது, சேர்ந்திருந்து பார்ப்போம்.